பதினெட்டு மீட்டர் ஆழத்தில் சுகிர்தராணி

சுகிர்தராணிக்கு நீச்சல் தெரியாது. பிறந்தது கடியப்பட்டணம், வீட்டு வாசலில் நின்று கல்லெறிந்தால் கடலில் விழும். பிழைக்க வந்து பத்தொன்பது ஆண்டுகளாக இருப்பது அரபு நாட்டுப் புஜைராவில், கடலைப் பார்த்த இரண்டாம் மாடியில். ஆனாலும் முழங்காலுக்கு மேல் அவள்மீது கடல்நீர் பட்டதில்லை. அப்படிப்பட்டவள் பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு நூற்று நாற்பது தடவைக்கு மேல் போய்வந்திருக்கிறாள். எல்லாம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள், வெள்ளைச் சாயம் அடித்த இரும்பு உருளை ஒன்றுக்குள் உட்கார்ந்தபடிதான்.

அதைச் சேம்பர் என்பார்கள். புஜைரா கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டவும் கப்பலை உந்தும் விசிறியைப் பார்க்கவும் நாள்தோறும் டைவர்கள் இறங்குகிறார்கள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்துவிட்டால், இரத்தத்தில் கரைந்திருந்த காற்று மூடி திறந்த சோடா மாதிரி பொங்கிவிடும். அந்தக் குமிழிகள் முதுகுத்தண்டைப் பிடித்துக்கொண்டால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விடும். உடனே ஆளைச் சேம்பருக்குள் படுக்கவைத்து, பதினெட்டு மீட்டர் கடலுக்கடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அந்த அளவுக்கு உள்ளே காற்றை ஏற்ற வேண்டும். முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் பையப் பைய வெளியே கொண்டுவர வேண்டும். நோயாளியைத் தனியே விடக்கூடாது. கூடவே ஒரு நர்ஸ் உள்ளே இருந்தாக வேண்டும். கதவை இறுக்கிப் பிடிப்பது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே. பயம் வந்துவிட்டது என்று திறந்துகொண்டு ஓட முடியாது. ஓட முடிந்தாலும் நர்ஸின் இரத்தமும் சோடாதான்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, எக்ஸ்ரே அறை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து இந்த டியூட்டிக்குக் கையெழுத்துப் போட்டாள். முதல் நாள் கதவு மூடியதும் வாந்தி எடுத்தாள். இன்றைக்கும் லிப்டில் ஏறமாட்டாள், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டாள். "இவளுக்க தைரியம் எல்லாம் டியூட்டி நேரத்துக்கு மட்டும் கம்பெனி குடுக்கது" என்று கணவர் நேசையன் கேலி செய்வார். நேசையன் துறைமுகத்து எண்ணெய் டேங்குகள் இருக்கும் பக்கத்தில் பராமரிப்பு டெக்னீஷியன்.

சேம்பருக்கு வெளியே பேனலில் உட்கார்ந்து வால்வுகளைத் திருப்புகிறவர் ஹஸ்னைன். கராச்சிக்காரர், அறுபதை நெருங்குகிறவர். அந்த நாட்டுக் கடற்படையில் பதினேழு ஆண்டுகள் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர். அவர் பேசுவது உருது. சுகிர்தராணி பதில் சொல்வது தொழிலாளர் கேம்புகளில் புழங்கும் இந்தி. இங்கே இரண்டையும் தமிழில்தான் எழுத முடியும். பேனலுக்கு மேலே சுவரில் அவர் ஒரு படம் மாட்டியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் இந்தக் கடலில் மூழ்கி இன்னமும் அடியில் கிடக்கும் ஜெர்மன் நீர்மூழ்கியின் மங்கலான படம். சுகிர்தராணிக்கு அந்தப் படம் பிடிக்காது. "இந்தச் சாவுப் பெட்டிய ஆஸ்பத்திரியில எதுக்கு மாட்டி வச்சிருக்கீங்க பாய்?" என்பாள். "இது நம்ம சேம்பருக்கு அப்பா, சிஸ்டர். மரியாதையாப் பேசு" என்பார் அவர்.

எதிர்க்கரையில் போர் தொடங்கி ஆறாம் நாள். மதியம் ஒன்றரை மணிக்குப் பிரைட்டைக் கொண்டுவந்தார்கள்.

பிரைட்டுக்கு வயது இருபத்தொன்பது. அவனும் குமரிக் கடற்கரைக்காரன்தான், பிள்ளைத்தோப்பு. சுகிர்தராணி நடத்தும் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு மனைவி ஜெபிஷாவோடு வருகிறவன். போரினால் கப்பல்கள் எல்லாம் சீக்கிரம் புறப்பட வேண்டும் என்று அவசரப்பட, ஒரே நாளில் மூன்றாவது தடவை இறங்கியிருக்கிறான். தூரத்தில் எங்கேயோ வெடிச் சத்தம் கேட்டிருக்கிறது. படகில் இருந்தவர்கள் மிரண்டுபோய், அவனைக் காப்பாற்றுகிறோம் என்று கயிற்றைப் பிடித்துச் சரசரவென்று இழுத்துவிட்டார்கள். மேலே வந்தவன் கால் மணி நேரம் நன்றாகத்தான் இருந்தானாம், டீ கூடக் குடித்தானாம். அப்புறம் எழுந்திருக்கப் பார்த்தால் கால்கள் வரவில்லை. சிறுநீர்ப் பை கல்லாக வீங்கியிருந்தது. அவனுக்கு முட்டும் உணர்ச்சியே இல்லை. சுகிர்தராணி குழாய் போட்டுச் சிறுநீரை வடியவிட்டாள்; குழாயை எடுக்கவில்லை.

"நேரம் போகப் போகக் குமிழி கெட்டிப்படும். இப்பவே இறக்கு" என்றார் டாக்டர் போனில். அவர் துபாயில் மாட்டிக்கொண்டிருந்தார்; மலைச்சாலையை மறித்துவிட்டார்கள். இன்னொரு நர்ஸ் லீவில் போனவள், விமானம் இல்லாமல் ஊரிலேயே நின்றுவிட்டாள். ஆக, உள்ளே சுகிர்தராணி, வெளியே ஹஸ்னைன். வேறு ஆள் இல்லை.

சேம்பருக்குள் போகுமுன் ஒரு சோதனை உண்டு. போன், லைட்டர், நைலான் துணி, எதுவும் கூடாது. முக்கியமாக எண்ணெய். ஆக்சிஜனும் எண்ணெயும் ஓரிடத்தில் சேர்ந்தால் தீப்பிடிக்கச் சின்னப் பொறி போதும்; மூடிய இரும்புக்குள் தீ என்றால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதனால் டியூட்டி நாளில் சுகிர்தராணி தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை.

"தலையில எண்ணெய் உண்டா மக்களே?"

"இல்லக்கா. கடல்லேருந்து நேர வாறேன்."

"கிரீம், தைலம், ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல."

தலைமுடியை விரலால் உரசிப் பார்த்தாள். உப்புதான் ஒட்டியது. அப்போதுதான் டாக்சியில் வந்து இறங்கிய ஜெபிஷாவிடமும் கேட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே இல்லை என்று தலையாட்டியது. பருத்திச் சட்டை மாற்றப் பக்கத்து அறைக்குப் போய்ச் சுகிர்தராணி திரும்பி வர மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கதவு மூடியது. காற்று சீறிக்கொண்டு இறங்கியது. உள்ளே வெக்கை ஏறிற்று. காது அடைத்தது, இருவரும் மூக்கைப் பிடித்துக் காதைத் திறந்துகொண்டார்கள். குரல் மெலிந்து வாத்துச் சத்தமாக மாறியது.

"பதினெட்டு" என்றார் ஹஸ்னைன், ஸ்பீக்கரில். வட்டக் கண்ணாடியில் அவர் முகமும் பின்னால் சுவர்க் கடிகாரமும் தெரிந்தன. வெளியுலகில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதல் இருபது நிமிட ஆக்சிஜன் ஆகும்போதே ஒரு அதிர்வு வந்தது. அவள் அதைக் காதால் கேட்கவில்லை, இரும்பில் சாய்ந்திருந்த முதுகால் கேட்டாள். ஹஸ்னைன் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினார். ஸ்பீக்கரில் அவருடைய போனும் அவளுடைய போனும் ஒரே நேரத்தில் அலறுவது கேட்டது.

"என்ன பாய்?"

"அலர்ட். எல்லாருக்கும் வந்திருக்கு. நீ வேலையப் பாரு."

"எங்க விழுந்திருக்கு?"

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "எண்ணெய் டேங்க் பக்கம் புகை தெரியுதுன்னு செக்யூரிட்டி சொல்றான்."

நேசையனுக்கு அன்று பகல் டியூட்டி.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கைகள் தாமாகவே வேலை செய்தன. முகமூடியைக் கழற்றி ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று. அந்த ஐந்து நிமிடத்தில் கால்களைச் சோதிக்க வேண்டும். காலடிக்கு நகர்ந்து பிரைட்டின் உள்ளங்காலைப் பிடித்தாள். பிடி வழுக்கியது.

விரல்களை விளக்கில் காட்டிப் பார்த்தாள். மினுங்கின. பைஜாமாவைத் தொடைவரை தூக்கினாள். இரண்டு கால்களும் தொடையிலிருந்து பாதம்வரை பளபளத்தன. துணி முழுக்க ஊறிப்போயிருந்தது.

ஒலிவ எண்ணெய். எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. போர் தொடங்கிய மறுநாள் ஜெபக்கூட்டத்தில் வைத்து ஜெபித்து, பதினோரு வீட்டுக்கும் சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றிக் கொடுத்தவள் அவள்தான். ஜெபிஷா அந்த மூன்று நிமிடத்தில் குப்பி முழுவதையும் புருஷனின் செத்த கால்களில் பூசியிருக்கிறாள். கண்ணை மூடிப் படுத்திருந்த அவனுக்கு அது தெரியவில்லை. உணர்ச்சி இருந்தால்தானே தெரியும். எண்ணெய் உண்டா என்று கேட்டபோது ஜெபிஷா பொய்யும் சொல்லவில்லை. அவளுக்கு அது எண்ணெயே இல்லை.

ஸ்பீக்கர் கொரகொரத்தது. "சிஸ்டர், டாக்டர் லைன்ல இருக்கார். கவனமாக் கேளு. உள்ள போய் முப்பது நிமிஷம்தான் ஆகுது. இப்பன்னா உன்னை மட்டும் முன்னறைக்கு மாத்தி, அங்க மட்டும் அழுத்தத்தைக் குறைச்சு வெளியே எடுத்துரலாம், உனக்கு ஒண்ணும் ஆகாது. இல்ல, பையனையும் சேர்த்து மேல கொண்டுவந்து டிரீட்மென்ட்ட நிறுத்தணும்னாலும் நிறுத்தலாம். நிலைமை சரியில்ல, முடிவு உள்ள இருக்கிற நர்ஸோடதுன்னு சொல்றார். பத்து நிமிஷத்துக்குள்ள சொல்லணும். அதுக்கப்புறம் நீயும் முழு நேரம் இருந்துதான் ஆகணும்."

நிறுத்துவதற்கு அவளுக்குக் காரணம்கூடத் தேட வேண்டாம், விரலிலேயே இருந்தது. "எண்ணெய்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். விதிப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள், பாராட்டக்கூடச் செய்வார்கள். கால் மணியில் வெளியே வந்து நேசையனுக்குப் போன் செய்யலாம். பிற்பாடு இதைப் பற்றி அவள் மழுப்பியதே இல்லை. "வெளிய வரணும்னுதான் நெனச்சேன். வாயில சொல்லு வந்துட்டு. நாக்கு நுனியில நின்னுது" என்பாள்.

"எக்கா" என்றான் பிரைட், முகட்டைப் பார்த்தபடி. "கால் டெஸ்ட் பண்ணணும்னு சொன்னீங்களே, எப்ப பண்ணப் போறீங்க?"

அவள் இரண்டு கையாலும் அவன் காலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஹஸ்னைன் பாய்" என்றாள். குரல் வாத்துக் குரலாக இருந்ததால் நடுங்கியது தெரியவில்லை. "கால்ல எண்ணெய் இருக்கு. ரெண்டு கால்லயும். ஜெப எண்ணெய், நான் குடுத்தது. நிறுத்த வேண்டாம். ஆக்சிஜன் லைன மட்டும் அடைச்சு வைங்க. சோப்பு, தண்ணி, துணி, மாத்திக்கப் பைஜாமா, புதுப் படுக்கைவிரிப்பு, புது முகமூடி அனுப்புங்க. கழுவிட்டுத் திரும்பத் தொடங்கலாமான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க."

கண்ணாடியில் ஹஸ்னைன் ஒரு வால்வை அடைப்பது தெரிந்தது. பிறகு போனில் ஏதோ பேசினார். "இருபது நிமிஷம் டைம். ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாதுங்கிறார். நீ இருக்கியா?"

"இருக்கேன்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிக்க விடாதீங்க பாய், சாமான அனுப்புங்க."

சேம்பரின் பக்கவாட்டில், ரொட்டிப் பெட்டி அளவில், உள்ளும் புறமும் கதவு வைத்த ஒரு சின்னத் துவாரம் உண்டு. அதன் வழியாக ஒவ்வொன்றாக வந்தன. அவள் முழந்தாளிட்டு அவன் கால்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், துடைத்தாள், மறுபடியும் தேய்த்தாள். விரலிடுக்கு, கணுக்கால் பள்ளம், முழங்கால் பின்மடிப்பு.

விஷயம் புரிந்ததும் பிரைட் தலையைத் தூக்கித் தன் கால்களைப் பார்த்தான். பிறகு, "பெரிய வியாழன் ஆராதனை மாதிரில்லா இருக்கு. பாதம் கழுவுகீங்களே" என்றான்.

"பேசாம கெட. ஒனக்க பெஞ்சாதிக்கு வெளிய வந்து நான் வச்சிருக்கேன்."

"அவள ஒண்ணும் சொல்லாண்டாம்க்கா. பயந்துட்டா."

"நான் மட்டும் இஞ்ச சிரிச்சிட்டா இருக்கேன்?"

எண்ணெய் பட்ட துணியை எல்லாம் பையில் கட்டி அதே துவாரம் வழியாக வெளியே தள்ளினாள். தன் கைகளைக் கழுவினாள், சட்டையையும் மாற்றினாள். நகக்கண்ணை முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள். பதினெட்டாம் நிமிடம் ஆக்சிஜன் திரும்ப ஓடத் தொடங்கியது. புது முகமூடியை அவன் முகத்தில் பொருத்தும்போது அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள், மூச்சு விட்டாலே பற்றிக்கொள்ளும் என்பதுபோல. ஒன்றும் ஆகவில்லை.

செக்யூரிட்டி ராமையா உள்ளே வந்து ஹஸ்னைனிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது கண்ணாடியில் தெரிந்தது. தெலுங்கு தேசத்து ஆள், நல்ல மனுஷன். துறைமுகப் பக்கத்துக் கட்டடங்களை எல்லாம் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பீக்கரில் பாதி கேட்டது.

"பாய், சலோ, சலோ. எல்லாரும் போயாச்சு. ஆர்டர்."

"இவங்களையும் கூட்டிட்டுப் போ, நான் வர்றேன்."

"இவங்கள எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். வெளிய ஒரு பொண்ணு உட்கார்ந்து அழுதுட்டிருக்கு. அதைக் கூட்டிட்டுப் போ. எனக்கு டீ இருந்தா வச்சிட்டுப் போ."

சிறிது நேரம் கழித்து, அவள் கேட்காமலே, ஹஸ்னைன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "நேசையன் பாய் ஓகே. போன் வந்துச்சு. பத்திரமா இருக்கார்."

அவளுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. பிரைட்டுக்குத் தெரியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு விளக்கு அணைந்தது.

பேட்டரி விளக்கு ஒன்று மஞ்சளாக எரிந்தது. ஸ்பீக்கர் செத்துவிட்டது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரெசரின் இரைச்சல் நின்றதும், அந்த இரைச்சல் அவ்வளவு நேரமும் இருந்தது என்பதே உறைத்தது. அழுத்தமானியின் முள் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். ஹஸ்னைன் இல்லை.

பேச்சு இல்லாவிட்டால் சுத்தியல் உண்டு. மரச் சுத்தியலால் இரும்பில் இரண்டு தட்டு தட்டினால் எல்லாம் சரியா என்று அர்த்தம். வெளியிலிருந்தும் இரண்டு தட்டு வர வேண்டும். தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். கண்ணாடியில் காலி நாற்காலியும், ஆறிப்போன டீயும், சுவர்க் கடிகாரமும், அந்தப் படமும்.

முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பேனலில் ஆள் இல்லாவிட்டால் அழுத்தம் தானாகக் கசிந்துகொண்டே போகும். எவ்வளவு வேகம் என்று யாருக்கும் தெரியாது. ஓடிவிட்டாரா? அறுபது வயது மனுஷன், கராச்சியில் பேத்தி பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஓடினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அவளும் ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஓடப் பார்த்தவள்தானே. நியாயம் எல்லாம் சரியாக இருந்தது. எண்ண ஆரம்பித்தாள். நூற்றுக்கு ஒரு தடவை தட்டினாள்.

"எக்கா, பாய் போயிட்டாரா?"

"முகமூடிய எடுக்காத."

"சொல்லுங்க."

"கக்கூசுக்குப் போயிருப்பார். மூச்ச நல்லா இழு."

நான்கு நிமிடம் என்று பிற்பாடு, சிகிச்சை விவரம் எழுதும் நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அப்போது அவளுக்கு அது நாலு நிமிடமாக இல்லை. பிறகு தலைக்கு மேலே சுத்தமான சீறல் சத்தம் ஒன்று. முள் நின்றது, மெதுவாக மேலே ஏறி, பதினெட்டில் வந்து உட்கார்ந்தது. அப்புறம்தான் இரண்டு தட்டு. கண்ணாடியில் ஹஸ்னைனின் முகம் வந்தது. வேர்த்து, கன்னத்தில் துரு அப்பி, ஒரு கையில் ரெஞ்சு. கொட்டகைக்குப் பின்னால் போய், அவசரத்துக்கு வைத்திருக்கும் சிலிண்டர்களைக் கையால் திறந்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு வால்வு இறுகிப்போயிருந்ததாம்.

அரை மணியில் ஜெனரேட்டர் ஓடியது. அழுத்தத்தைக் குறைத்துச் சேம்பர் ஒன்பது மீட்டருக்கு ஏறியபோது உள்ளே குளிர்ந்து பனிமூட்டம் போட்டது. இனி ஒன்பதில் நீண்ட இரண்டு மணி நேரம். போன் இன்னும் இரண்டு தடவை அலறியது. ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். ஒன்றும் விழவில்லை என்றான பிறகு யாராவது இருமினார்கள்.

"பாய், எதாவது பேசுங்க" என்றான் பிரைட், முகமூடி கழற்றிய இடைவெளியில். "அந்தப் படத்துல இருக்கக் கப்பல்ல எத்தன பேரு?"

"ஐம்பதுக்கு மேல. ஒருத்தன் மட்டும் வெளிய வந்தான். முழு நாளும் நீந்திக் கரை சேர்ந்தான், நம்ம கோர்ஃபக்கான் பக்கம்."

"குண்டு போட்டது யாரு?"

"ஷார்ஜாவுல இருந்து வந்த ஒரு சின்ன விமானம். அதுல மூணே பேர். இந்த வெயில்ல அந்த இன்ஜின் எப்ப நிக்கும்னு அவனுகளுக்கே தெரியாது. கடல் மட்டத்துக்குத் தாழப் பறந்து வந்து போடணும். கீழ இருந்து சுடுவான். எல்லாம் உன் வயசுப் பசங்க, உன்னைவிடச் சின்னவனுங்க. மேல மூணு பேருக்கும் பயம், கீழ ஐம்பது பேருக்கும் பயம்."

"கீழ இருந்தவங்க என்ன செஞ்சிருப்பாங்க?"

"வால்வைத் திருப்பியிருப்பாங்க" என்றார் ஹஸ்னைன். "எங்க கப்பல்ல ஒரு தடவை பேட்டரி அறையில புகை வந்துச்சு. போர் எல்லாம் இல்ல, பயிற்சிதான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வால்வு, ஒரு கதவு. அதைப் பிடிச்சிட்டு நிக்கணும். வீரம்னு யாரும் நெனைக்கிறதில்ல. என் பக்கத்துல நின்னவன் காலோட மோண்டுட்டான். ஆனா கையை வால்விலேருந்து எடுக்கல."

பிரைட் சிரித்தான். "எனக்கு அதுவும் வரல்லியே பாய்" என்றான். பிறகு சிரிக்கவில்லை.

ஐந்தரை மணிக்குச் சோதித்தபோது வலது காலால் அவள் உள்ளங்கையை இலேசாகத் தள்ளினான். இடது காலில் பெருவிரல் மட்டும் அசைந்தது. கிள்ளினால் தெரிந்தது. அதற்கு மேல் இல்லை. சிறுநீர்ப் பைக்கு உணர்ச்சி இல்லை.

கதவு திறந்தபோது மணி ஏழே கால் ஆகியிருந்தது. சுகிர்தராணி முதலில் தன் போனை எடுத்தாள். நேசையனிடமிருந்து ஒரே ஒரு செய்தி: "எல்லாரும் பத்திரம். இப்பதான் டவர் கிடைச்சுது." நேரம், மாலை 6:05.

"பாய், மூணு மணிக்கே போன் வந்துச்சுன்னு சொன்னீங்க?"

ஹஸ்னைன் வால்வுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சொன்னேன்."

"வரல."

"வரல."

"பொய் சொன்னீங்களா?"

"நீர்மூழ்கியில வீட்டுச் செய்தி வந்தா கேப்டன் தன்கிட்டயே வச்சிக்குவார். அப்பா செத்தாலும் கரைக்கு வந்துதான் சொல்வார். எனக்கே அப்படி ஆச்சு, பதினெட்டு நாள் கழிச்சு."

"நான் ஒங்க சிப்பாய் இல்ல. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"அப்ப கதவைத் திறந்த பிறகு சொல்லியிருப்பேன். நீ என்னை அடிச்சிருப்ப."

அடிக்கத்தான் தோன்றியது. அந்த நல்ல செய்தியை நம்பி அவள் அழுதிருந்தாள். இரண்டு நாள் அவரோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. இன்னும் முழுதாக மன்னித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்று நோட்டை அவரிடமிருந்து பிடுங்கி, "எண்ணெய்ன்னு எழுதாம விட்டுறலாம், யாருக்கும் தெரியாது" என்று அவர் சொன்னதைக் காதில் வாங்காமல், யாருடைய எண்ணெய், யார் சோதனையில் தவறவிட்டது என்று தன் பெயரைப் போட்டே எழுதினாள்.

ராமையா கூப்பிட்டும் போகாமல் வெளியே பெஞ்சிலேயே இருந்த ஜெபிஷாவிடம் போனாள். சேம்பரிலிருந்து வந்தவர்கள் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக்கும் ஓட முடியாது. எப்படித் திட்டுவது என்று ஐந்து மணி நேரம் யோசித்து வைத்திருந்தாள்.

"நீங்கதானே அக்கா தந்தீங்க" என்றது அந்தப் பெண், அவள் வாயைத் திறக்குமுன்.

"நான்தான் தந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் இரண்டாவது சிகிச்சை. உள்ளே போன நர்ஸ் ஒரு நாள் முழுக்கத் திரும்ப உள்ளே போகக் கூடாது. இரண்டு வேலையும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த இடத்து ஏற்பாடு. அதனால் ஹஸ்னைன் உள்ளே போனார், சுகிர்தராணி பேனலில் உட்கார்ந்தாள். காலையில் டாக்டர் சொல்லிப் பிரைட்டின் குழாயை எடுத்திருந்தார்கள். மாலைக்குள் தானாகச் சிறுநீர் போகவில்லையென்றால் மறுபடி போட வேண்டும். அப்படிப் போட்டால் அது எத்தனை மாதத்துக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. பேனல் எளிது என்று பதினோரு ஆண்டுகளாக நினைத்திருந்தாள். முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கழுத்து மரத்தது. ஹஸ்னைன் கண்ணாடி வழியாகப் பார்த்த ஒவ்வொரு தடவையும், எல்லாம் சரி என்று முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டரைக்கு ஒரு அலர்ட் வந்தது. அவருக்குச் சொல்லவில்லை.

மூன்று நாற்பதுக்கு ஸ்பீக்கரில் ஹஸ்னைன். "சிஸ்டர், பையன் தமிழ்ல என்னமோ கத்துறான். வலியான்னு கேட்டா இல்லங்கிறான்."

"மைக்க அவன்கிட்டக் குடுங்க. என்ன மக்களே?"

வாத்துக் குரல் வந்தது. "எக்கா, முட்டுது."

"என்னது?"

"முட்டுதுக்கா! அடக்க முடியல்ல!"

"பாய்" என்றாள் இந்தியில், "சீக்கிரம் பாட்டில எடுங்க."

"நானா? பதினேழு வருஷம் கடற்படையில இருந்தவன்."

"பிடிங்க பாய்!"

ஸ்பீக்கரைத் திறந்தே வைத்திருந்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பிளாஸ்டிக்கில் நீர் விழும் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, பிறகு சேர்ந்தாற்போல. ஹஸ்னைன் உருதுவில் கடவுளைப் புகழ்ந்தார், அப்புறம் தன் கையைப் பற்றி ஏதோ திட்டினார்.

வெளியே பெஞ்சில் இருந்தவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். பேனலை விட்டு எழ முடியாது. "ஜெபிஷா!" என்று கத்தினாள்.

கத்திய வேகத்தில் அந்தப் பெண் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து வாசலில் நின்றது. முகத்தில் இரத்தம் இல்லை. "என்னக்கா? அவருக்கு என்னாச்சு?"

சுகிர்தராணி முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணும் இல்ல பிள்ள. மோண்டுட்டான்."